லண்டன் தீ: கடற்படை அதிகாரியின் ரகசிய டைரி

1666-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி, அதிகாலை 3 மணி. லண்டன் கடற்படை அலுவலக அதிகாரி சாமுவேல் பெப்பீசை வேலைக்காரப் பெண் தட்டி எழுப்பினாள். ஊரில் தீ! எட்டிப் பார்த்த மனிதர், தூரத்தில்தானே என்று திரும்பவும் படுத்துவிட்டார்.

விடிவதற்குள் 300 வீடுகள் போய்விட்டன. இதெல்லாம் அவரே சுருக்கெழுத்தில் எழுதிய டைரியில் இருக்கிறது.

ஜனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஆற்றில் வீசினார்கள். இருப்பிடத்தை விட்டுப் போக மனமில்லாத புறாக்கள் சிறகு கருகி விழுந்தன. தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடிக்கச் சொன்னார் மன்னர். என் பேச்சை யார் கேட்கிறார்கள் என்று புலம்பினார் மேயர்.

4-ந் தேதி தோட்டத்தில் குழி வெட்டினார்கள். ஆபீஸ் காகிதங்கள், ஒயின், கூடவே பெப்பீசின் இத்தாலி பாலாடைக்கட்டி! உயிர் போகிற நேரத்திலும் வாய் ருசி விடவில்லை.

சுமார் 13 ஆயிரம் வீடுகள் சாம்பலாயின. பெப்பீசின் வீடு தப்பியது.