மீஞ்சூரிலிருந்து விமானம் ஏறப் போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர். டெல்லிக்கு சுமார் 1,760. ஆனால் விமானம் தாமதமானால் நமக்கு என்ன கிடைக்கும் என்பதை முடிவு செய்வது பயண நேரம். துறையில் 'பிளாக் டைம்' என்பார்கள்: நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகர்ந்தது முதல், போய்ச் சேரும் ஊரின் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் வரை. உள்நாட்டு டிக்கெட்டில் புறப்படும் நேரத்துக்கும் சேரும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி அதுதான்.

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிப்படி, இந்தப் பயண நேரம் இரண்டரை மணி நேரத்துக்குள் இருந்தால் இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே சாப்பாடு தர வேண்டும். மதுரை, கோவை, ஐதராபாத் எல்லாம் இதில் வரும். டெல்லிக்கு இரண்டே முக்கால் மணிக்கு மேல் ஆகும். அதனால் மூன்று மணி நேரம் தாமதமானால்தான். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால், மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், மாற்று விமானம் அல்லது கட்டணத்தோடு இழப்பீடும் உண்டு. ஒரு மணி வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டதே, அதுபோன்ற நாளில் இழப்பீடு கேட்க முடியாது. டிக்கெட் பணத்தை மட்டும் விடாமல் கேளுங்கள்.

நம் பக்கத்தில் பலர் கோட்டைவிடுவது வேறு இடத்தில். அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி வேலைகளுக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களும் சரி, நம் ஆட்களும் சரி, டிக்கெட்டை ஏஜென்டிடம்தான் எடுக்கிறோம். அவர் அவசரத்தில் தன் செல்போன் எண்ணையே போட்டுவிடுகிறார். ரத்துச் செய்தி அவருக்குப் போகிறது. நாம் பையோடு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நிற்கிறோம். சரியான தொடர்பு எண் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்று விதியே சொல்கிறது. பணம் கொடுக்குமுன் டிக்கெட்டில் உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கன்டெய்னர் லாரி நெரிசலில் மாட்டி விமானத்தைத் தவறவிட்டால் நிறுவனம் பொறுப்பேற்காது. உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் மூடிவிடும். மின்சார ரயிலில் விம்கோ நகர் வந்து மெட்ரோ பிடித்தால் நேரே விமான நிலையம். சாலையைவிட இதை நம்பலாம். தவறவிட்டாலும் வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தந்தாக வேண்டும். கேட்பவர்கள் குறைவு.

நிறுவனம் கைவிரித்தால் ஏர்சேவா தளத்தில் புகார் கொடுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அதிலும் நடக்காவிட்டால், நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. போர்டிங் பாஸ், வந்த குறுஞ்செய்தி, தாமதத்தைக் காட்டும் அறிவிப்புப் பலகையின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். என்ன காரணத்தால் ரத்து என்பதைக் கவுன்டரில் எழுத்தில் வாங்காமல் நகராதீர்கள்.