நெடுந்தொலை ஓட்டமும் முதல் நாள் தீர்ப்பும்

மராத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். அதனினும் மிக்க தொலைவு ஓடுவது நெடுந்தொலை ஓட்டம் எனப்படும். இதில் வெற்றி விரைவினால் மட்டும் வருவதன்று.

1983 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில், சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் ஓட்டப்போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட கிளிஃப் யங் 61 வயதான உருளைக்கிழங்கு உழவர். ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். முதல் நாள் அவர் மிகவும் பின்தங்கினார். ஆயினும், காலை உயரத் தூக்காது தரையை ஒட்டி ஓடியமையால் அவர் ஆற்றல் வீணாகவில்லை. ஏனையோர் உறங்கிய இரவிலும் ஓடினார், அவ்விரவே முந்தினார். 5 நாள், 15 மணி, 4 நிமிடத்தில் மெல்போர்னை அடைந்து வென்றார். பரிசான 10,000 டாலரையும் உடன் ஓடியோர்க்கே பகிர்ந்தளித்தார்.

பின்தங்கியவன் தோற்பான் என முதல் நாளே தீர்ப்பளித்தல் தகாது. வழி நெடிதாயின், அளவறிந்து அயராது செல்வோனே முன்னிற்பான்.