"சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்!"
புனே கோட்டையில் பௌர்ணமி இரவில் கேட்கும் குரல்: கல்லுக்கு ஞாபகம் உண்டா?

புனே நகரின் நடுவே, நெரிசல் மிகுந்த பழைய கடைவீதிகளை ஒட்டி நிற்கிறது சனிவார் வாடா கோட்டை. மராட்டிய அரசைப் பேஷ்வாக்கள் நடத்திய மாளிகை அது. பகலில் சுற்றுலாப் பயணிகள் கூட்டமும் பள்ளிப் பிள்ளைகளின் ஆரவாரமுமாக இருக்கும். பொழுது சாய்ந்ததும் கதவுகளை அடைத்துவிடுவார்கள்.

அடைத்த கோட்டைக்குள்ளிருந்து பௌர்ணமி இரவுகளில் ஒரு வாலிபனின் அலறல் கேட்கும் என்பது அந்த ஊரில் வழிவழியாக வரும் பேச்சு. "காகா, மலா வாச்வா!" என்று அந்தக் குரல் கதறுமாம். "சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்" என்பது அதன் பொருள்.

குரல் கேட்கிறதோ இல்லையோ, கதறியவன் கற்பனை அல்ல. அவன் பெயர் நாராயணராவ். வயது 18. மராட்டிய நாட்டின் பேஷ்வா.

ஓர் எழுத்து மாறியது

1772-ம் ஆண்டு பேஷ்வா மாதவராவ் காசநோயால் இறந்தார். அவருடைய தம்பி நாராயணராவ் பதவிக்கு வந்தார். இது சித்தப்பா ரகுநாதராவுக்குப் பொறுக்கவில்லை. லாகூர் வரை படை நடத்தி வெற்றி கண்டவர் அவர். ஆட்சி தமக்கே வரவேண்டும் என்று நினைத்தார். அவரை அதே மாளிகையில் காவலில் வைத்திருந்தார்கள்.

1773-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி. விநாயகர் திருவிழாக் காலம். பௌர்ணமியை நெருங்கிய வளர்பிறை. சம்பள பாக்கி கேட்பதாகச் சொல்லிக்கொண்டு, "கார்டிகள்" எனப்படும் கூலிப்படைக் காவலர்கள் மாளிகைக்குள் புகுந்தனர். அவர்களின் தலைவன் சுமேர்சிங்.

நாராயணராவ் தப்பி ஓடினார். ஓடிய இடம் சித்தப்பாவின் அறை. அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினார். சித்தப்பா காப்பாற்றவில்லை. இளைஞரைப் பிடித்து இழுத்து வெட்டினார்கள். எஜமானைக் காக்க மேலே விழுந்த பணியாளரும் வெட்டுண்டு மாண்டார்.

இதற்குப் பின்னால் ஒரு கடிதக் கதை உண்டு. "தராவே" (பிடிக்கவும்) என்றுதான் ரகுநாதராவ் எழுதிக் கொடுத்தாராம். அவருடைய மனைவி ஆனந்திபாய் முதல் எழுத்தை மாற்றி "மாராவே" (கொல்லவும்) என்று ஆக்கிவிட்டாராம். மராட்டிய மக்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கல் ஒலிநாடா

செத்தவனின் ஆவி பழிவாங்க அலைகிறது என்பது பழைய நம்பிக்கை. மேல்நாட்டில் சிலர் வேறொரு விளக்கம் கூறினார்கள். இது ஆவியே அல்ல, வெறும் பதிவு என்றார்கள். கடும் துயரம் நடந்த இடத்தில் அதன் சாயல் சுவரிலும் கல்லிலும் பதிந்துவிடுகிறது. பிறகு கிராமபோன் தட்டுப் போல அதே காட்சி, அதே குரல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அந்தக் குரலோடு பேச முடியாது, அது யாரையும் பார்ப்பதும் இல்லை என்பது அவர்கள் வாதம்.

இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். கணிப்பொறிக்கு முன்னோடியான சார்லஸ் பாபேஜ், மனிதர் பேசிய ஒவ்வொரு சொல்லும் காற்றில் அசைவாக என்றும் தங்கியிருக்கும் என்று 1837-ல் எழுதினார். லண்டனில் 1882-ல் ஆவி ஆராய்ச்சிக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. இடங்களுக்கு ஞாபகம் உண்டா என்று அதன் உறுப்பினர்கள் விவாதித்தார்கள். 1972-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் பி.பி.சி. தொலைக்காட்சி "தி ஸ்டோன் டேப்" என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. "கல் ஒலிநாடா" என்ற பெயர் அதிலிருந்துதான் இந்தக் கொள்கைக்கு வந்தது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

ஒலிநாடாவில் பாட்டைப் பதிய அதன் மீது காந்தப் பொடி பூசியிருக்க வேண்டும். ஒலியை மின்சாரமாக மாற்றும் கருவி வேண்டும். பதிந்ததைத் திரும்பக் கேட்க இன்னொரு கருவி வேண்டும். கோட்டைச் சுவரில் இவை எதுவும் இல்லை. மனிதன் போட்ட கூச்சல் சில விநாடிகளில் சுவரிலும் காற்றிலும் மோதித் தேய்ந்து, மிகச் சிறு வெப்பமாகக் கரைந்துவிடுகிறது.

கல்லுக்கு ஞாபகமே கிடையாதா என்றால், ஒருவகையில் உண்டு. புனே வட்டாரத்துக் கருங்கல் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அது ஆறி இறுகியபோது, அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் பூமியின் காந்தத் திசையைப் பதிவு செய்துகொண்டன. அந்தப் பதிவைப் படித்துத்தான், இந்தியா ஒரு காலத்தில் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்து வடக்கே நகர்ந்து வந்தது என்பதற்கு விஞ்ஞானிகள் சான்று கண்டார்கள். ஆனால் உறைந்துவிட்ட கல்லில் ஒரு வாலிபனின் கதறல் ஏறாது.

இன்னொரு தடையும் இருக்கிறது. 1732-ல் கட்டி முடிந்த மாளிகையின் மேல்மாடிகளில் தேக்கு மரம் ஏராளம். 1828-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி அங்கே தீப்பிடித்தது. ஏழு நாட்கள் எரிந்ததாகச் சொல்வார்கள். மிஞ்சியவை மதிலும் வாசல்களும் அடித்தளமும்தான். குரலைப் பதிந்து வைத்திருக்க வேண்டிய அறையே இன்று இல்லை!

அப்படியானால் சிலருக்கு உடல் சிலிர்ப்பது ஏன்? காதுக்கு எட்டாத மெல்லிய அதிர்வும் காரணமாகலாம். இங்கிலாந்தில் விக் டான்டி என்ற பொறியாளர், தம் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிவதன் காரணத்தைத் தேடினார். ஒரு மின்விசிறி விநாடிக்கு சுமார் 19 அதிர்வு கொண்ட ஒலியை எழுப்புவதைக் கண்டார். விசிறியைச் சரிசெய்ததும் உருவம் மறைந்தது. இதை 1998-ல் அவர் வெளியிட்டார். எல்லா இடத்துக்கும் இதுவே விடை என்று சொல்ல முடியாது. பௌர்ணமி, பாழடைந்த கோட்டை, கேட்டுப் பழகிய கதை மூன்றும் சேர்ந்தால், காற்றின் ஊளையும் கதறலாகக் கேட்கும்.

ஓயாத எதிரொலி

ஆனாலும் அந்தக் குரல் ஓயவில்லை. நீதிபதி ராம் சாஸ்திரி விசாரித்து, ரகுநாதராவையே குற்றவாளி என்றார். இந்தக் குற்றத்துக்குப் பரிகாரம் மரணம்தான் என்று நேருக்கு நேர் கூறிவிட்டு, பதவியை உதறி ஊரைவிட்டே போனார். 1774-ல் நாராயணராவின் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையே பேஷ்வா ஆனது.

பதவி இழந்த ரகுநாதராவ் ஆங்கிலேயரிடம் ஓடினார். 1775-ல் சூரத் உடன்படிக்கையில், உதவிக்கு விலையாக வசாயையும் சாஷ்டித் தீவையும் தருவதாகக் கையெழுத்திட்டார். 1782 வரை போர் நடந்தது. வசாய் மராட்டியருக்கே திரும்பியது. சாஷ்டி மட்டும் ஆங்கிலேயர் கையில் தங்கிவிட்டது. பாந்திரா, காட்கோபர், பாண்டுப், முலுண்ட் எல்லாம் அந்தத் தீவில் அடங்கியவைதான். ஆயிரக்கணக்கான தமிழர்கள் குடியிருக்கும் மும்பைப் புறநகரின் வரலாற்றிலும் அந்த இரவின் நிழல் விழுந்திருக்கிறது.

இந்தக் கொலையைப் பொருளாக வைத்து 1909-ல் காடில்கர் நாடகம் எழுதினார். பெயர் "பாவுபந்த்கி". நம் ஊர்ப் பேச்சில் பங்காளிச் சண்டை! 1944-ல் பிரபாத் நிறுவனம் ராம் சாஸ்திரியின் கதையைப் படமாக எடுத்தது. நல்ல வார்த்தையைத் திரித்துக் கேடு செய்கிறவனைப் பார்த்து, "'த'வை 'மா' ஆக்குகிறான்" என்று மராத்தியில் பழமொழியே உண்டு.

கல்லில் ஏறாத கதறல் ஒரு பாஷையில் ஏறிவிட்டது. 18 வயதுப் பிள்ளை அடைக்கலம் என்று வந்து கட்டிப்பிடித்தபோது பெரியவர் கையை விரித்தார் என்பதை மராட்டிய மக்கள் 250 ஆண்டுகளாகியும் மன்னிக்கவில்லை. சனிவார் வாடாவில் குரல் கேட்கிறது என்று அவர்கள் சொல்வதன் அர்த்தம் அதுதான்.