கொல்லை வாசல் வழியே ஒரு கார்த்திகை

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் கண்ணுக்கு ஒரு விழா, மூக்குக்கு வேறொரு விழா. கண்ணுக்கானது 2,668 அடி உயர மலையின் உச்சியில் நடக்கிறது. மாலை 6 மணிக்குக் கொப்பரையில் மகா தீபம் ஏறும். ஆயிரக்கணக்கான கிலோ நெய், காடாத் துணியில் திரி. 11 நாள் எரியும். ஆனால் அந்த நெய் வாசம் தேரடி வீதிவரை இறங்கி வருவது அரிது. மூக்கின் விழா கீழேதான்: கோபுரத்துக்கு எதிரே எரியும் கற்பூரத்தில், கூட்டத்தில் மிதிபட்டு நசுங்கிய சாமந்தியில், வாசல் அகலில் கருகும் திரியில், வெல்லப்பாகு காய்ச்சிப் பொரி உருண்டை பிடிக்கும் அடுப்படியில்.

சுற்றுக் கிராமங்களில் இன்னொன்றும் உண்டு, மாவளி. பனையின் ஆண் பூக்கதிரைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, பழைய துணியில் இறுக்கச் சுருட்டுவார்கள். பிளந்த பனை மட்டைக்கு நடுவே அதை வைத்துக் கட்டி, நுனியில் கங்கு வைத்து, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி கொட்டும். காசு கொடுத்து வாங்கும் எந்த மத்தாப்பும் அதற்கு ஈடில்லை என்பது என் கட்சி. அதன் வாசனை மூன்று அடுக்கு: கரி, கருகும் துணி, சூடேறும் மட்டை.

மாவளி சுற்றி வளர்ந்த ஒருவர் முப்பது வருஷம் கழித்துப் பெங்களூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அயர்ன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டதில் பருத்திச் சட்டை கருகுகிறது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பதற்கு முன்னால், ஒரு நொடி, அறுப்பு முடிந்த வயல், காலில் குத்தும் தாள், பின்னால் பெரியம்மாவின் அதட்டல். அந்த ஒரு நொடி எப்படி நடக்கிறது என்பதுதான் இந்த மாதக் கேள்வி.

பழைய நாட்டு ஓட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். திண்ணை, ரேழி, கூடம், கடைசியில் சமையலறை. சமையலறையிலிருந்து கொல்லைக்கு ஒரு கதவு. நாம் பார்ப்பதும் கேட்பதும் தொடுவதும் தெருவாசல் வழி வரும் விருந்தாளிகள். அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து, எந்த ஊர், என்ன விஷயம் என்று விசாரித்த பிறகே உள்ளே அனுப்புவார்கள். மூளையில் அந்தக் கூடத்துக்குத் தாலமஸ் என்று பெயர். வாசனைக்கு மட்டும் இந்த விசாரணை இல்லை. கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்து நிற்கும். கூடத்துக்கும் அது பிறகு போகும். ஆனால் அதற்குள் அடுப்பில் வேலை தொடங்கியிருக்கும். அதனால்தான் முதலில் மனசு என்னவோ செய்கிறது, அப்புறம்தான் இது என்ன வாசனை என்று யோசிக்கிறோம்.

கொல்லைக் கதவுக்கு வந்து சேர வேண்டுமானால் பொருள் காற்றில் கிளம்ப வேண்டும். கற்பூரம் அதில் சமர்த்து. உருகாமலே ஆவியாகும். பூஜை அலமாரியில் டப்பாவை மறந்துவிட்டால் வில்லைகள் தாமாகவே சிறுத்துப்போகும், அதைத் தடுக்கத்தான் வீடுகளில் நாலு மிளகைப் போட்டு வைக்கிறார்கள். விபூதி சாம்பல்தானே, அதற்குச் சொந்த வாசனை அதிகம் கிடையாது. அது மணந்தால் சேர்த்த வாசனைப் பொருளின் தயவு. கற்பூரம் மூக்கில் ஏற்றும் அந்தக் குளிர்ச்சியும், மிளகாய் வறுத்தால் வரும் இருமலும் வேறு ஒரு நரம்பின் வேலை. அதை இங்கே விட்டுவிடலாம்.

உள்ளே வந்ததும் அஞ்சறைப் பெட்டி. மூக்கின் உச்சியில், சில சதுர சென்டிமீட்டர் ஈரத் தோலில் இருக்கிறது அது. அஞ்சு அறை அல்ல, மனிதருக்கு ஏறத்தாழ 400 அறை. அத்தனை வகை ஏற்பிகள். ஒவ்வொரு நரம்பணுவும் ஒரே ஒரு வகையைத்தான் வைத்திருக்கும். லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-ல் கண்டுபிடித்து, 2004-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். கற்பூரத்துக்கென்று தனி அறை, மல்லிகைக்கென்று தனி அறை என்று இல்லை. ஒரு மூலக்கூறு பல அறைகளைத் தொடும். இதில் ஒரு கரண்டி, அதில் ஒரு சிட்டிகை. ஒரே மிளகும் சீரகமும் தனியாவும் அளவு மாறினால் ரசப்பொடியாகவும் சாம்பார்ப்பொடியாகவும் ஆவதுபோல, 400 அறையை வைத்துக்கொண்டு கணக்கில்லாத வாசனைகளைப் பிரித்தறிய முடிகிறது.

அடுத்து கிண்ணங்கள். ஒரே வகை ஏற்பியுள்ள நரம்பணுக்கள் எங்கே சிதறிக் கிடந்தாலும், அவற்றின் இழைகள் மூளையின் அடியில் இருக்கும் நுகர்குமிழுக்குள் போய் அதே கிண்ணத்தில் சேரும். எனக்கு இதில் வியப்பு ஒன்று உண்டு. மூக்கின் இந்த நரம்பணுக்கள் வாழ்நாள் முழுக்க இருப்பவை அல்ல. சில வாரமோ மாதமோ ஆனால் பழையவை போய்ப் புதியவை முளைக்கும். சிறுவயதில் மாவளியை முகர்ந்த அணு ஒன்றுகூட இன்று அவர் மூக்கில் இருக்காது. இருந்தும் புதிதாக வரும் அணு தன் இழையை அதே கிண்ணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சமையற்காரர் எத்தனை பேர் மாறினாலும் கடுகுக் கிண்ணம் இடம் மாறாத அடுப்படி.

பிறகு பானை. கிண்ணங்களில் இருந்தவை எல்லாம் பைரிஃபார்ம் புறணி என்ற பகுதியில் கொட்டப்பட்டு ஒன்றாகக் கொதிக்கின்றன. இங்கே கரி தனி, துணி தனி, மட்டை தனி என்று இல்லை. சேர்ந்து ‘மாவளி’ என்ற ஒரே குழம்பு. கொதித்த குழம்பிலிருந்து தனியாவைப் பிரித்தெடுக்க முடியாதே, அப்படி. இந்தப் பானைக்கு ஒரு குணம் இருப்பதாக நரம்பியலாளர்கள் கருதுகிறார்கள்: பாதிச் சாமான் போட்டாலும் பழைய குழம்பாகவே நிரவிக்கொள்ளும். பெங்களூரில் கருகியது துணி மட்டும்தான். பனம்பூக் கரியையும் மட்டையையும் பானையே போட்டுக்கொண்டது.

பானைக்குப் பக்கத்திலேயே உப்பு ஜாடியும் பரணும். உப்பு ஜாடி அமிக்டலா. பயம், ஆசை, பாசம் எல்லாம் அங்கிருந்துதான் விழும். பரண் ஹிப்போகேம்பஸ்; எங்கே, எப்போது, யாரோடு என்று நடந்ததை நடந்தபடி எடுத்து வைக்கும் இடம். மூக்கிலிருந்து உப்பு ஜாடிக்கு 2 நரம்பு இணைப்பு, பரணுக்கு 3. வேறெந்தப் புலனுக்கும் இத்தனை பக்கம் கிடையாது. பெரியம்மாவின் அதட்டலும் வயலின் தாளும் அந்தப் பரணிலிருந்து இறங்கியவை. கூடவே விழுந்த உப்புதான் அந்த ஒரு நொடியைக் கனமாக்கியது.

2004-ல் அமெரிக்காவின் ரேச்சல் ஹெர்ஸ் குழு இதை மூளை ஸ்கேனில் பார்த்தது. தங்களுக்கு இனிய நினைவு தரும் வாசனைத் திரவியத்தை முகர்ந்தபோது, அதே புட்டியைக் கண்ணால் மட்டும் பார்த்தபோதைவிட அமிக்டலா அதிகம் விழித்தது. பங்கெடுத்தவர்கள் 5 பெண்கள்தான். அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவருடைய மற்ற சோதனைகளும் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வாசனை கிளப்பும் நினைவில் உணர்ச்சி அதிகம். துல்லியம் ஒன்றும் அதிகம் இல்லை. பொரி உருண்டையைப் பித்தளைத் தாம்பாளத்தில் பாட்டி தந்தார் என்று அண்ணன் சத்தியம் செய்வார். எவர்சில்வர் தட்டு என்று தங்கை அடித்துச் சொல்வார். வெல்ல வாசம் இருவருக்கும் சாட்சி சொல்லும். கோர்ட்டில் எடுபடாத சாட்சி.

மார்செல் புரூஸ்டின் பெயர் இந்த இடத்தில் வராமல் இருக்காது. 1913-ல் வெளியான அவருடைய நாவலில், தேநீரில் நனைத்த சிறு கேக் ஒரு பால்யத்தையே திறந்துவிடுகிறது. அது மூக்கால் முகர்ந்தது அல்ல, வாயில் போட்டது. ஆனாலும் வாசனைதான். மென்று விழுங்கும்போது ஆவி தொண்டையின் பின்பக்கமாக மேலேறி அதே அஞ்சறைப் பெட்டிக்குப் போகிறது. கோயில் பிரசாதக் கடைப் புளியோதரையை வாயில் போட்டதும் ‘அந்த ருசி’ என்கிறோமே, அதில் நாக்கின் பங்கு புளிப்பும் உப்பும் மட்டும். பெருங்காயமும் நல்லெண்ணெயும் மூக்கின் கணக்கு. ஜலதோஷத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள், புரியும்.

ஏன் எப்போதும் சின்ன வயசு? ஸ்வீடனில் யோகான் வில்லாண்டர், மரியா லார்சன் இருவரும் 65 முதல் 80 வயது வரையிலான 93 பேரிடம் சொல்லையும் படத்தையும் வாசனையையும் கொடுத்து நினைவு கேட்டார்கள். 2006-ல் முடிவு வெளியானது. சொல்லும் படமும் பெரும்பாலும் 11-லிருந்து 20 வயதுக்குள் இழுத்துப் போயின. வாசனை 10 வயதுக்கு முன்னால் போய் நின்றது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2009-ல் செய்த ஆய்வு இதற்கு ஒரு காரணம் காட்டியது: ஒரு பொருளோடு முதல் தடவையாகச் சேரும் வாசனைக்கு ஹிப்போகேம்பஸ் தனி மரியாதை தருகிறது. பரணில் முதலில் ஏறிய ஜாடிக்குத்தான் நல்ல இடம்.

இங்கேதான் என்னை உறுத்தும் விஷயம். தேரடி வீதியில் முப்பது வருஷமாகப் பூ கட்டும் அக்காவுக்குக் கற்பூரம் எதை நினைவுபடுத்தும்? எதையும் இல்லை. கடை திறந்த கொஞ்ச நேரத்திலேயே அவர் மூக்கு அதை ஒதுக்கிவிடும். மாறாத வாசனையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்க மூளைக்கு நேரமில்லை. அப்படியே உணர்ந்தாலும் எந்த நாளை எடுப்பது? நேற்றையா, போன பௌர்ணமியையா, கல்யாணத்துக்கு முந்தின கார்த்திகையையா? ஊறுகாய் ஜாடியைத் தினமும் திறந்து ஈரக் கரண்டி போட்டால் என்ன ஆகுமோ அதுதான். ஒரு குறிப்புக்கு ஆயிரம் நாள் கட்டப்பட்டிருந்தால், எந்த நாளும் தனியாக வராது. ஊரை விட்டுப் போனவருக்கோ ஜாடி பரணிலேயே மூடிக் கிடந்தது. தீபத்துக்கு ஊர் வந்து பேருந்தை விட்டு இறங்கியதும் கண் கலங்குகிறவர் அவர்தான். பக்தி கூடுதல் குறைச்சல் என்று இதற்கு அர்த்தம் பண்ணக் கூடாது. உள்ளூர்க்காரர் கல்நெஞ்சர் என்றும் இல்லை.

பூக்கார அக்காவுக்கும் ஜாடி உண்டு, அது வேறு. மண்ணெண்ணெய். திரி ஸ்டவ்வை ஊதி அணைத்ததும் கிளம்பும் அந்தக் காந்தல் நெடி. ரேஷன் கியூவும், கேனைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் நடந்ததும் அதில்தான் இருக்கும். கேஸ் வந்தது, ஸ்டவ் போனது, வாசனையும் தெருவை விட்டுப் போனது. என்றாவது ஒரு பெயிண்டர் தூரிகை கழுவும்போது அது திரும்பி வந்தால் அக்காவின் கை பூச்சரத்தில் ஒரு கணம் நிற்கும்.

நாமாக இந்தக் கதவைத் திறக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ராஜகோபுரத்தை வரைந்துகொள்ளலாம். நாதஸ்வரத்தைக்கூட மனசுக்குள் ஓடவிடலாம். கற்பூர வாசனையை வரவழைத்துப் பாருங்கள், பெரும்பாலானோருக்கு அந்தச் சொல்தான் வரும், வாசனை வராது. தீபத்தை டிவியிலும் போனிலும் நேரலையாகப் பார்க்கலாம். துபாயிலும் டொரொன்டோவிலும் அந்த நிமிஷம் கைகூப்பலாம். மூக்குக்கு நேரலை இல்லை.

இன்று சென்னையிலிருந்து பெற்றோர் மடியில் உட்கார்ந்து தீபத்துக்கு வரும் பிள்ளைகளின் பரணில் எந்த ஜாடி ஏறும்? நெய்யும் கற்பூரமும் என்று நாம் ஆசைப்படலாம். மூக்கு நம்மைக் கேட்பதில்லை. மணிக்கணக்காக நகராத சிறப்புப் பேருந்து, ஜன்னல் வழி ஏறும் டீசல் புகை, முன் சீட்டில் யாரோ உரிக்கும் ஆரஞ்சுத் தோல் என்று கலந்துகட்டி ஒரு குழம்பு கொதித்துக்கொண்டிருக்கலாம். பேருந்தெல்லாம் பேட்டரியில் ஓடும் காலத்தில், ஒரு பழைய ஜெனரேட்டர் பக்கமாக நடக்கும்போது அவர்களுக்கு மலை தெரியும்.