ஹானர் சொசைட்டி: மார்க் மட்டும் போதாது

"மாமா, உங்க பேத்தியை நேஷனல் ஹானர் சொசைட்டியிலே எடுத்துட்டாங்க" என்று அமெரிக்காவிலிருந்து மருமகள் போனில் சொன்னால், புத்தூரில் இருக்கும் பெரியவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது பரிசா, உதவித்தொகையா, ஏதாவது சங்கமா என்பது விளங்குவதில்லை. "கிளாஸிலே முதல் ராங்க்கா?" என்று கேட்டு வைப்பார். நம் வீட்டுப் பிள்ளைகள் கடல் கடந்து குடியேறி, அவர்கள் பிள்ளைகளும் ஹைஸ்கூல் வயதுக்கு வந்துவிட்ட காலத்தில் இதைக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது. தாத்தா பாட்டிக்கு மட்டுமல்ல, அங்கே இருக்கும் அப்பா அம்மாவுக்கும்தான்.

ஹைஸ்கூல் தலைமையாசிரியர்களின் தேசியச் சங்கம் 1921 இல் தொடங்கியது இது. பிட்ஸ்பர்க் நகரில் ஐந்தாம் அவென்யூ உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த எட்வர்ட் ரைனியர்சன் என்பவரே இதற்கு மூலகாரணர். கீழ் வகுப்பு மாணவர்களுக்காக ஜூனியர் சங்கம் ஒன்று 1929 இல் வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனிக் கிளை உண்டு.

சேர்வதற்கு முதல் வாசல் மார்க்தான். அங்கே 'ஏ' கிரேடுக்கு 4, 'பி' கிரேடுக்கு 3 என்று எண் போட்டுச் சராசரி எடுப்பார்கள். அந்தச் சராசரி குறைந்தது 3.0, அல்லது நூற்றுக்கு 85 இருக்க வேண்டும். பள்ளி விரும்பினால் இதை உயர்த்திக்கொள்ளலாம். பல பள்ளிகள் உயர்த்தியும் இருக்கின்றன. நம்மவர் பிள்ளைகளில் நிறையப் பேர் இந்த வாசலைச் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். தடுமாற்றம் அதற்குப் பிறகுதான்.

படிப்பு, தொண்டு, தலைமை, நடத்தை என்று நான்கு தூண்களைச் சொல்கிறார்கள். மார்க் தகுதி உள்ளவர்களின் பெயர்கள் ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழுவிடம் போகும். அவர்களை நியமிப்பவர் தலைமையாசிரியர். ஆனால் அவர் அந்தக் குழுவில் உட்காரக் கூடாது. கிளையின் பொறுப்பாசிரியர் கூட இருப்பார், அவருக்கு ஓட்டு இல்லை. மாணவர் எழுதிக் கொடுத்த விவரத் தாளையும் மற்ற ஆசிரியர்களின் அபிப்பிராயத்தையும் பார்த்து, பெரும்பான்மை ஓட்டில் முடிவு செய்வார்கள். கணக்கில் நூறு வாங்கிய பையன் காப்பியடித்ததாகவோ, வகுப்பில் மரியாதையில்லாமல் நடந்ததாகவோ பேச்சு வந்தால் அவன் பெயர் நின்றுபோகலாம். சராசரி 3.6 உள்ள பெண் வாரந்தோறும் நூலகத்தில் சிறு குழந்தைகளுக்குப் படித்துக் காட்டியிருந்தால் அவள் உள்ளே போய்விடலாம்.

நமக்குப் பழக்கமான முறை வேறு. திருத்தணியில் 1888 இல் பிறந்த ராதாகிருஷ்ணன், திருப்பதி மிஷன் பள்ளியில் படித்து, வேலூர், சென்னை என்று உதவித்தொகைகளின் துணையோடு மேலே போனவர். இன்றும் இங்கே அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு எழுதுகிறார்கள். 2008 இல் வந்த திட்டம் அது. தலா 90 கேள்விகள் கொண்ட இரண்டு தாள். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு 12,000 ரூபாய். விடைத்தாளுக்கு முகம் கிடையாது. நெசவாளி மகனா, மளிகைக்கடைக்காரர் மகளா என்று திருத்துபவருக்குத் தெரியாது. ஏழைப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பிள்ளை பிறருக்கு உதவுகிறதா என்பதையும் விடைத்தாள் சொல்லாது.

ஆளைப் பார்த்து எடை போடுகிற முறையில் ஆபத்தும் இருக்கிறது. 1998 இல் கென்டக்கி மாநிலத்துப் பள்ளி ஒன்று, நல்ல மார்க் வாங்கிய இரண்டு மாணவியரை, மணமாகாமல் ஒருத்தி தாயாகிவிட்டாள், மற்றவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதால் நடத்தை போதாது என்று ஒதுக்கியது. பையன்களிடம் இப்படி ஒரு விசாரணை இல்லை. இது பெண்களுக்குப் பாரபட்சம் என்று வழக்குப் போனது. சேர்த்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் எல்லாரும் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைத்துவிட வேண்டாம். இதில் உறுப்பினராவது யாருக்கும் உரிமையல்ல என்று விஸ்கான்சின் வழக்கு ஒன்றில் 1983 இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. இடம் கிடைக்காவிட்டால் தலைமையாசிரியரிடம் மரியாதையாக விசாரிக்கலாம். தலைமை நிலையம் தலையிடாது.

ஆகவே வேலை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். "ஸ்கூல் விட்டதும் நேரே வீட்டுக்கு வா" என்று வளர்த்த நம் குடும்பங்களுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு, இது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் விட்டுக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வெளியே போய்ச் செய்கிற எல்லாமே அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. சனி ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு 'அ, ஆ' சொல்லிக் கொடுப்பதும் தொண்டுதான். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தேதி, மணிக்கணக்கு, பொறுப்பாளர் கையெழுத்து மூன்றையும் அவ்வப்போதே எழுதி வாங்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சாஃப்ட்வேர் வேலையில் ஊர் மாறுகிறவர்களுக்கு ஒரு விஷயம். புதிய பள்ளியில் குறைந்தது ஒரு செமஸ்டராவது படித்த பிறகுதான் பொதுவாகப் பெயரைப் பரிசீலிப்பார்கள். ஆனால் பழைய பள்ளியில் ஏற்கெனவே உறுப்பினராக இருந்த பிள்ளை, அங்கே தலைமையாசிரியரிடமோ பொறுப்பாசிரியரிடமோ கடிதம் வாங்கி வந்தால், புதிய பள்ளியில் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்தப் பள்ளியின் அளவுக்கு மார்க்கை உயர்த்திக்கொள்ள ஒரு செமஸ்டர் அவகாசமும் உண்டு. வீடு காலி செய்கிற அவசரத்தில் அந்தக் கடிதத்தை மறந்துவிடாதீர்கள்.