கட்சியும் இல்லை, சின்னமும் இல்லை... விமானத்தில் வரும் ஓட்டுப்பெட்டி! ஃபாக்லாந்து தீவுத் தேர்தல்

கொடி கிடையாது, கூட்டணி கிடையாது. வேட்பாளர் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரராகவோ, பிள்ளையோடு படிக்கும் பையனின் அம்மாவாகவோ இருப்பார். தென் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளில் பொதுத்தேர்தல் இப்படித்தான் நடக்கிறது.

1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் 74 நாள்கள் சண்டை போட்டது இந்தத் தீவுகளுக்காகத்தான். அர்ஜென்டினா இன்னும் உரிமை கோருகிறது. 'பிரிட்டனின் ஆட்சிப் பகுதியாகவே நீடிக்கலாமா?' என்று 2013-ல் மக்களிடமே கேட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு சொச்சம் பேர் ஓட்டுப் போட்டதில், 'வேண்டாம்' என்றவர்கள் வெறும் 3 பேர். அவ்வளவு சின்ன ஊரில் அந்த மூவர் யார் என்று மண்டையைக் குடைந்துகொள்ளாதவர் இருந்திருப்பாரா என்ன!

பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டன் வசம். பள்ளி, ஆஸ்பத்திரி, சாலை, மீன்பிடி உரிமம் எல்லாம் 8 பேர் கொண்ட உள்ளூர்ச் சட்டமன்றத்தின் பொறுப்பு. 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல். தலைநகர் ஸ்டான்லிக்கு 5 இடங்கள். அதற்கு வெளியே இருக்கும் மொத்த நிலப்பரப்பும் 'கேம்ப்' என்ற ஒரே தொகுதி. அதற்கு 3 இடங்கள். ஸ்டான்லி வாக்காளர் ஒரே சீட்டில் 5 பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். அதிக ஓட்டு வாங்கிய முதல் 5 பேருக்கு வெற்றி.

பிரதமரோ முதல்வரோ இல்லை. 8 பேரும் தங்களுக்குள் 3 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆளுநர் தலைமையிலான நிர்வாகக் குழுவுக்கு அனுப்புகிறார்கள். கட்சிச் சண்டை இல்லாதது கேட்க நிம்மதிதான். ஆனால், ஒரு திட்டம் சொதப்பினால் 'ஆளுங்கட்சியைத் தோற்கடிப்போம்' என்று கிளம்பவும் வழியில்லை. ஒவ்வொருவரும் என்ன பேசினார், எதற்குக் கை தூக்கினார் என்று வாக்காளரேதான் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலைக்காக வந்து தங்கியிருப்பவர்கள் எல்லோரும் ஓட்டுப் போட முடியாது. அதற்கு 'ஃபாக்லாந்து தீவு அந்தஸ்து' வேண்டும். பிறப்பாலோ குடும்பத் தொடர்பாலோ அது கிடைக்காதவர்கள், பல ஆண்டுகள் வசித்த பிறகே விண்ணப்பிக்கலாம்.

கேம்ப் கதை தனி. செம்மறியாட்டுப் பண்ணைகள் ஒன்றுக்கொன்று பல மைல் தூரத்தில், சில தனித்தனித் தீவுகளில் இருக்கின்றன. அதனால் லேண்ட் ரோவரிலும் குட்டி விமானத்திலும் ஓட்டுப்பெட்டியே வாக்காளரைத் தேடிப் போகிறது.

அங்கே வசிப்பவர்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அவர்களுக்கு எட்டில் 3 இடங்களா என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. 'இரண்டையும் சேர்த்து ஒரே தொகுதியாக்கலாமா?' என்று 2001, 2011, 2020 என மூன்று முறை வாக்கெடுப்பு நடந்தது. மூன்று முறையும் அது நிறைவேறவில்லை. இணைத்துவிட்டால் ஸ்டான்லியின் ஓட்டுகளில் தங்கள் குரல் கரைந்துவிடும் என்பது பண்ணைக்காரர்களின் பயம். பாலமும் சாலையும் பள்ளிக்கூடமும் அவர்களுக்கு அரசாங்கம் மனது வைத்தால்தான் வரும். இப்போதைக்கு அந்த 3 இடங்கள் அவர்களிடமே இருக்கின்றன.