பின்னங்கால் விழுந்த நாய்கள்

பின்னங்கால்கள் விழுந்துபோன நாய்க்கு நம்மவர் இரண்டு கதிகளையே அறிவார்கள். வீட்டு நாயானால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் ஊசி போட்டு முடித்துவிடுவது; தெரு நாயானால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்பால் செல்வது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டென்பதையும், அது செல்வர்களின் விளையாட்டன்று என்பதையும் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். இரண்டு சக்கரங்கள், ஒரு சட்டம், சில வார்கள், இவற்றோடு பல மாதங்கள் விடாது செய்யவேண்டிய பணிவிடை: இவ்வளவே அவ்வழி. சக்கரம் சுலபம், பணிவிடைதான் கடினம். ஆதலால் நாம் பணிவிடையைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறோம்.

முதலில் நோய் இன்னதென்று அறியவேண்டும். நாயின் முதுகெலும்பில் கழுத்துக்கு 7, மார்புக்கு 13, இடுப்புக்கு 7 கண்ணிகள் உள்ளன. அவற்றுக்கப்பால் ஒன்றாய் இறுகிய மூன்றும், பிறகு வாலும். இக்கண்ணிகளின் துவாரத்தினூடே தண்டுவடம் ஓடுகிறது. மூளையின் கட்டளை கால்களுக்குப் போவதும், காலின் வேதனை மூளைக்கு வருவதும் இந்த ஒரே பாதையில்தான். மார்பும் இடுப்பும் சந்திக்குமிடத்தில் பாதை நசுங்குமானால் முன்னங்கால்களுக்கு ஒரு குறைவும் நேராது; பின்னங்கால்கள், வால், மூத்திரப்பை ஆகிய மூன்றும் ஒருசேரச் சுவாதீனம் இழக்கின்றன.

இது நேரும் விதங்கள் பல. நீண்ட உடலும் குட்டைக்கால்களுமுள்ள டாக்ஸ்ஹுண்ட் போன்ற ஜாதிகளில், கண்ணிகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டுக்கள் இளமையிலேயே காய்ந்து சுண்ணாம்பேறிவிடுகின்றன. பிறகு ஒருநாள் நாற்காலியிலிருந்து குதிக்கும்போது வட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. குட்டைக்காலை அழகென்று எண்ணி மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்தான்; அதே குட்டைக்காலோடு சம்பந்தப்பட்ட ஒரு ஜீன்தான் முதுகு வட்டையும் கெடுக்கிறது என்று 2017-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஜெர்மன் ஷெப்பர்ட் முதலிய பெரிய ஜாதிகளில் முதுமையில் தண்டுவடம் வலியின்றித் தேய்ந்துபோகும் வியாதி வேறு. அதற்குக் காரணமான ஜீன் மாறுதல் 2009-ல் கண்டுபிடிக்கப்பட்டது, தீர்க்கும் மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் நமது நகரங்களில் நாம் அன்றாடம் காணும் முடம் ஜீனால் வருவதன்று. லாரியால் வருவது.

அடிபட்டு விழுந்த நாயை முதல் நாளே முடமென்று தீர்மானித்துவிடக் கூடாது. இடுப்புக்கூடு மட்டும் முறிந்த நாயும் பின்புறத்தை இழுத்துக்கொண்டுதான் ஊர்ந்து செல்லும். தண்டுவடம் சேதப்படாதிருந்தால் அவற்றுள் பல, சில வாரங்கள் அடைத்து வைத்து ஓய்வு கொடுத்த மாத்திரத்தில் எழுந்து நடக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய எக்ஸ்ரேயும், வைத்தியரின் கையும் வேண்டும். கை என்று நாம் சொல்வது ஒரு முக்கியமான பரீட்சையைக் குறித்து. பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளுகிறார்கள். கால் பின்வாங்கினால் உணர்ச்சி உண்டென்று பார்ப்போர் மகிழ்கிறார்கள், அது தவறு. மூளைக்குச் செய்தி எட்டாமலே கால் தானாகச் சுருங்கக்கூடும். நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்று முகத்தைக் கவனிக்க வேண்டும். வலி மூளைக்கு எட்டினால் நம்பிக்கை பெரிது: வட்டு பிதுங்கிய நாய்களில் காலத்தில் சஸ்திர சிகிச்சை பெற்றவை பத்தில் ஒன்பதுக்குக் குறையாமல் மீண்டும் நடக்கின்றன. வலியே எட்டாதவற்றில் ஏறக்குறையப் பாதிதான் தேறுகின்றன. மோதுண்டு எலும்பு நொறுங்கி வலியுணர்ச்சியும் போயிருந்தால் தேறுபவை மிகச் சொற்பம்.

அடிபட்ட நாயைத் தூக்குவதற்கும் முறையுண்டு. காலைப் பிடித்து இழுத்தால் மிச்சமிருக்கும் தண்டுவடத்தையும் நாமே அறுத்தவர்களாவோம். ஒரு பலகையையோ தடித்த அட்டையையோ அருகில் வைத்து, முதுகு வளையாமல் அதன்மேல் நகர்த்தி, துணியால் கட்டிக் கொண்டுபோக வேண்டும். மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். வெறிநோயும் சில சமயம் பக்கவாதமாகவே தோன்றும். அடிபட்ட அடையாளமின்றிக் கால் விழுந்து, தாடை தொங்கி, எச்சில் வடியும் அந்நிய நாயை, பழகியவர் தவிர மற்றவர் தொடலாகாது. கடியோ கீறலோ பட்டால் பதினைந்து நிமிஷம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போகவேண்டும். தயை இருக்கிறதென்பதற்காக வெறிநோய் எவரையும் விட்டுவைப்பதில்லை.

இனிப் பணிவிடை. நமது அச்சுக்கூடத்து வாசலில் பல வருஷங்களாகப் படுத்திருந்த கறுப்பு நாயொன்றை ஒரு மழைக்கால இரவில் லாரியொன்று மோதிவிட்டு நில்லாமல் போயிற்று. இடுப்புக்கு மேலே கண்ணியொன்று நகர்ந்திருந்தது. இடது பின்னங்காலில் வலி தெரிந்தது. வலதில் மங்கலாகவே தெரிந்தது. ஊசி போட்டுவிடுவதே தயை என்று நமது நண்பர்கள் பலர் கூறினார்கள். அவர்கள் கல்நெஞ்சர்களல்லர், அந்த முனகலைக் கேட்டவர்கள். அப்பொழுது இராக்காவலாளியாயிருந்த முதியவர் முன்வந்து, "ஐயா, ஊசியை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒரு மாசம் என்னிடம் விட்டுப் பாருங்கள்" என்றார். வைத்தியரும் அதற்கு இசைந்தார்.

அந்த ஒரு மாதம் என்னவென்பதை விவரமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இங்கேதான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள். மூத்திரப்பை தானாக இயங்காதபோது, தினம் மூன்று நான்கு தடவை வயிற்றின் இருபுறமும் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். இது வைத்தியரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. புத்தகத்தில் படித்து வராது. தவறினால் பை வீங்கித் தளர்ந்துபோகும், சீழ் பிடிக்கும், சிறுநீரகமும் கெடும். படுக்கை மெத்தென்றும் உலர்ந்தும் இருக்கவேண்டும். நான்கைந்து மணிக்கொருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தவேண்டும். இல்லையேல் எலும்பு துருத்திய இடங்களில் புண்ணாகும். நமது சீதோஷ்ணத்தில் புண்ணென்றால் ஈ, ஈயென்றால் புழு. முதுகு நொறுங்கியதால் சாகாத நாய் புழுவால் சாவதுண்டு. காவலாளி ஒரு சாக்குப்பையின்மேல் பழைய மெத்தையைப் போட்டு, அதன்மேல் வேண்டாத செய்தித்தாளை அடுக்கிக்கொண்டார். நமது பத்திரிகை அவ்வாறு பயன்பட்டதில் நமக்கு வருத்தமில்லை.

ஆறு வாரம் கூட்டுக்குள் அசையாமல் அடைபட்டிருந்த பிறகு, வைத்தியரின் சொற்படி தேகப் பயிற்சி ஆரம்பித்தது. பக்கவாட்டில் கிடத்தி ஒவ்வொரு கணுவையும் மடக்கி நீட்டுவது. பிறகு இரண்டு கால்களையும் சைக்கிள் மிதிப்பதுபோல் சுழற்றுவது. வயிற்றின் கீழ் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பாதங்கள் நான்கும் தரையில் படிய நிற்கவைப்பது. முதல் நாள் பத்து விநாடி நின்றது. பெரிய ஆஸ்பத்திரிகளில் நீருக்குள் ஓடும் நடைவார் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் நிற்கும் நாய் தன் கனத்தில் ஏறக்குறைய 38 சதவீதத்தையே கால்களில் தாங்குகிறதென்று அளந்திருக்கிறார்கள். நிற்க வலுவில்லாத காலும் நீரில் நடை பழகுவது அதனால்தான். அவ்வியந்திரம் நமக்குக் கிட்டவில்லை. துண்டும் காவலாளியின் முழங்கால்களுமே நமக்கு இயந்திரம்.

நிற்க, வண்டியைப் பற்றிச் சொல்வோம். முடமான நாய்களுக்குச் சக்கர வண்டி செய்யும் தொழிலை 1961-ல் அமெரிக்காவில் லிங்கன் பார்க்ஸ் என்ற மிருக வைத்தியர் தொடங்கினார். அமைப்பு அன்றுமுதல் அதிகம் மாறவில்லை. இலேசான குழாய்ச் சட்டம், பின்னங்கால்கள் நுழையும் இரண்டு வளையங்கள் அல்லது தொட்டில், தோளைச் சுற்றிய வார், இருபுறமும் சக்கரம். அளக்கவேண்டியவை நிற்கும்போது இடுப்பின் உயரம், தோளிலிருந்து பின்புறம்வரை நீளம், இடுப்பின் அகலம், தேகத்தின் கனம். முதுகு தரைக்குச் சமமாக நிற்கவேண்டும். பின்புறம் உயர்ந்தால் பாரம் முழுவதும் தோளில் இறங்கும். தாழ்ந்தால் முதுகு வளையும்.

நமது சைக்கிள் கடைக்காரர் பி.வி.சி. குழாயையும் குழந்தைகள் சைக்கிளின் இரண்டு சக்கரங்களையும் கொண்டு ஒரு வண்டி செய்தார். முதல் நாள் நாய் ஐந்து நிமிஷத்தில் நாக்கைத் தள்ளி, முன்னங்கால் நடுங்கி நின்றுவிட்டது. அச்சு மிகவும் பின்னால் அமைந்திருந்தது. உடலின் பாரம் அச்சுக்கு முன்னே விழுந்து தோளை அழுத்திற்று. அச்சை இரண்டங்குலம் முன்னே தள்ளியதும் ஒரு விரலால் தூக்கும்படி நுகம் இலேசாயிற்று. அதன்பின் அது நடக்கவில்லை, ஓடிற்று. தெருமுனைவரை ஓடி, அங்கிருந்த தன் பழைய பகையான மஞ்சள் நாயை விரட்டிவிட்டுத் திரும்பிற்று.

வண்டியில் ஏற்றினால் நாய் சோம்பலாகிக் கால்கள் இன்னும் சூம்பிப்போகும் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. கால்களை உயரக் கட்டித் தொங்கவிட்டால் அது உண்மையாகலாம். கொஞ்சமேனும் அசையும் கால்களைத் தரையில் பாதம் படும்படி விட்டால் வண்டியே பயிற்சியாகிறது. முதலில் ஐந்து பத்து நிமிஷம், பிறகு அரைமணி, அதற்குமேல் வேண்டாம். வண்டியில் பூட்டிய நாய் படுத்து இளைப்பாற முடியாது. படியிலும் சாக்கடையிலும் கவிழ்ந்தால் தானாக எழ முடியாது. பூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர் வண்டி வாங்காதிருப்பதே நலம்.

நான்காம் மாதத்தில் இடது கால் தானாக அடியெடுத்து வைத்தது. மூத்திரம் அதற்கு முன்பே சுவாதீனத்துக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் மாதத்தில் முற்றத்துக்குள் குடித்தவனைப்போல் தள்ளாடியாவது வண்டியின்றி நடந்தது. வலது பாதம் இன்றும் இழுபடுகிறது, தோலுறை மாட்டுகிறோம். தெருவுக்கு வண்டிதான்.

எல்லா நாய்க்கும் இவ்வாறு ஆகுமென்று நாம் சொல்லத் துணியோம். வலியுணர்ச்சி அற்ற சிலவற்றில் சில நாட்களுக்குள் தண்டுவடம் மேல்நோக்கி உருகிக்கொண்டே போய், முன்னங்கால்களும் மூச்சும் நின்றுவிடும். அதை அறிந்தவுடன் ஊசி போடுவதே தர்மம். தீராத வேதனையில் கிடப்பவற்றுக்கும் அப்படியே. கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலையார் 34 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடத்திய பரீட்சையொன்றை 2012-ல் வெளியிட்டார்கள். நாயின் மூக்குச் சவ்விலிருந்தே எடுத்து வளர்த்த உயிரணுக்களை அதன் சேதமுற்ற தண்டுவடத்தில் செலுத்தியதில், பல நாய்களின் பின்னங்கால்கள் முன்னங்கால்களோடு இசைந்து அசைந்தன. ஆனால் மூளைக்கும் காலுக்கும் அறுந்த நெடும்பாதை கூடவில்லை. மூத்திரப்பையும் சுவாதீனத்துக்கு வரவில்லை. ஆகவே சக்கரத்தின் காலம் இன்னும் முடியவில்லை.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்குச் சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமலிருக்க மனமில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் தொடங்கிய முயற்சியின் பயனாய் 1960-ல் பிராணி வதைத் தடைச் சட்டம் பிறந்தது. பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவன் அதன் நலத்துக்குத் தக்க ஏற்பாடுகளனைத்தும் செய்யவேண்டுமென்று அதன் 3-வது பிரிவு கூறுகிறது. பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி அதைக் கைவிடுவது 11-வது பிரிவின்படி குற்றம். அதற்கு அச்சட்டம் விதித்த தண்டனையோ, முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை அபராதம்! கால் விழுந்த நாயை ராத்திரியில் காரிலேற்றி ஊருக்கு வெளியே விட்டுவருகிறவனுக்குப் பெட்ரோல் செலவு அதைவிட அதிகம். தெருவில் மோதிவிட்டுப் போகிறவன் விஷயம் இன்னும் வழுக்கலானது. அஜாக்கிரதையாக வண்டியோட்டும் குற்றத்துக்குரிய தண்டனைச் சட்டப் பிரிவுகள் மனிதருக்கு நேரும் அபாயத்தையே குறிப்பன. நாய்க்குப் பொருந்தா என்று 2022 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வாசகப்படி அத்தீர்ப்பைக் குறைகூற நமக்கு இடமில்லை. வாசகத்தை எழுதுவோரிடம்தான் நமது வழக்கு. தெரு நாய்களைப் பற்றிய 2023-ம் வருஷத்து விதிகள், தீராத நோயுற்றவையும் மரண காயம் பட்டவையுமே வைத்தியரால் முடிக்கப்படலாம் என்கின்றன. பின்னங்கால் விழுந்திருப்பது தன்னளவில் இரண்டில் ஒன்றுமன்று. இதை ஊர்ச்சபைகளின் நாய்வண்டிக்காரர்களுக்கு யாரேனும் படித்துக்காட்டினால் நலம்.

மனிதர்களுக்கே சக்கர நாற்காலி கிடைக்காத தேசத்தில் நாய்க்கு வண்டியா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். ஆனால் இக்கேள்வியைக் கேட்பவர்களில் எத்தனை பேர் ஒரு மனிதருக்கு நாற்காலி வாங்கித் தந்திருக்கிறார்கள் என்று நாம் விசாரித்ததுண்டு. நமது காவலாளி அக்கேள்வியைக் கேட்டதில்லை. அவர் தம் வாதநோய்கொண்ட மனைவிக்கும் அதே கையால் பணிவிடை செய்துவருகிறார்.

ஒரு வேண்டுகோள். நாய் இறந்தபின் அதன் வண்டி பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. சட்டத்தை நீட்டிக் குறைக்கும்படி செய்த வண்டியானால் ஏறத்தாழ அதே அளவுள்ள வேறொரு நாய்க்கு மறுநாளே பூட்டலாம். அத்தகைய வண்டி வைத்திருப்போர் அதைத் துடைத்து, வார்களைச் சோப்பிட்டுக் கழுவி, இடுப்பு உயரத்தையும் நாயின் கனத்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கட்டி, தத்தம் ஊர் மிருக வைத்தியசாலையிலோ பிராணி காப்பகத்திலோ சேர்ப்பிக்கக் கோருகிறோம். சக்கரத்துக்கு மட்டும் காற்றடித்துக் கொடுக்கவும்.